தராசு சொன்ன கணக்கு: தனிமங்கள் இணையும் விதிகள் பிறந்த கதை

படிவம் நான்கில் வேதியியல் எடுத்த மாணவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

மெக்னீசியம் நாடாவை மணல்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். அதைச் சுருட்டி, மலாயில் ‘மங்குக் பிஜார்’ என்று சொல்லும் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, மூடி போட்டுச் சூடேற்றுகிறார்கள். காற்று உள்ளே போவதற்காக அவ்வப்போது மூடியைச் சற்றே தூக்கி உடனே மூடுகிறார்கள். எரிந்து முடிந்து ஆறியதும் தராசில் வைக்கிறார்கள்.

ஒரு குழு 1.20 கிராம் மெக்னீசியம் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் கணக்குப்படி 2.00 கிராம் வெள்ளைத் தூள் கிடைக்க வேண்டும். தராசோ 1.88 காட்டுகிறது. மணியடிக்க இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. “2.00 என்றே எழுதிவிடலாம், விடைதான் தெரியுமே!” என்று ஒருவர் சொல்கிறார்.

எழுதிவிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், விடை நமக்கு எப்படி ‘முன்பே தெரிந்தது’ என்று பார்ப்போம். மெக்னீசியம் மூன்று பங்கு, ஆக்சிஜன் இரண்டு பங்கு என்ற கணக்கு யாரோ வகுப்பறையில் எழுதிப்போட்ட கட்டளை அல்ல. பாடநூலில் நான்கு வரியில் முடிந்துவிடும் அந்த விதிகளுக்குப் பின்னால் பல ஆண்டு வாதங்களும், பிடிவாதங்களும், தராசின் முன் பொறுமையாகக் காத்திருந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

எரிந்தால் எடை கூடுமா?

விறகு எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சுகிறது. ஆகவே எரியும்போது பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்றுதான் 18ஆம் நூற்றாண்டின் வேதியியலாளர்கள் பலரும் நம்பினார்கள். அதற்கு ‘ஃப்ளோஜிஸ்டன்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஆனால் உலோகத்தைச் சுட்டால் எடை கூடுகிறதே! ஒன்று வெளியேறினால் எடை குறைய வேண்டும் அல்லவா? இந்த முரண்பாடு தெரிந்தும் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டவர் பிரான்ஸ் நாட்டின் அந்துவான் லவாய்சியர். வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த அவர், அந்த வருமானத்தில் தம் காலத்தின் மிகச் சிறந்த தராசுகளைச் செய்வித்துக்கொண்டார். கணக்குப் பார்ப்பவரின் பழக்கம் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள்ளும் வந்தது. வரவும் செலவும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அவருடைய புகழ்பெற்ற சோதனை பாதரசத்தில் நடந்தது. அடைபட்ட காற்றுடன் பாதரசத்தை 12 நாள் இடைவிடாமல் சூடேற்றினார். மேலே சிவப்புத் தூள் படிந்தது; காற்றின் அளவு குறைந்தது. பிறகு அந்தச் சிவப்புத் தூளில் 45 கிரெய்ன் எடுத்து (கிரெய்ன் என்பது அக்காலத்தின் சிறிய எடை அளவு) இன்னும் அதிகமாகச் சூடேற்றினார். 41.5 கிரெய்ன் பாதரசம் திரும்பக் கிடைத்தது. மீதி எடை, காற்றிலிருந்து முன்பு காணாமல் போன அதே வாயுவாக வெளியே வந்தது. அந்த வாயுதான் ஆக்சிஜன்.

எரியும்போது பொருளிலிருந்து எதுவும் ஓடிப்போகவில்லை. காற்றிலிருந்து ஒன்று வந்து சேர்கிறது என்பது தெளிவானது. வேதிவினைக்கு முன் இருந்த மொத்த நிறையும் பின் இருக்கும் மொத்த நிறையும் ஒன்றே என்ற பொருண்மை அழியா விதியை 1789ல் வெளிவந்த தமது பாடநூலில் அவர் வேதியியலின் அடித்தளமாக வைத்தார். ரஷ்யாவின் மிக்கைல் லொமனோசோவ் இதே கருத்தை முன்னரே கூறியிருந்தாலும், அதை ஆய்வுக்கூடத்தின் அன்றாட நடைமுறையாக்கியவர் லவாய்சியர். அவருடைய மனைவி மேரி ஆன் அந்நூலுக்கான கருவிப் படங்களை வரைந்தார். சோதனைக் குறிப்புகளையும் எழுதி வைத்தார்.

அறிவைத் தந்த அதே வருமானம் அவருடைய உயிரையும் பறித்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, வரி வசூலித்தவர்களில் ஒருவர் என்பதற்காக 1794 மே 8ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 50.

‘குராங் மானிஸ்’ தண்ணீர் உண்டா?

மாமாக் கடையில் தே தாரிக் கேட்கும்போது ‘குராங் மானிஸ்’ என்று சொல்கிறோம். சீனி குறைந்தாலும் அது தே தாரிக்தான். ஏனென்றால் அது கலவை; அளவை நம் விருப்பப்படி மாற்றலாம்.

தண்ணீரில் இது நடக்குமா? ‘ஆக்சிஜன் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் கொடுங்கள்’ என்று யாரும் கேட்க முடியாது. மழைநீரைச் சுத்திகரித்து எடுத்தாலும், கடல்நீரைக் காய்ச்சி வடித்தாலும், ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜனை எரித்து உண்டாக்கினாலும், 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன்தான். இதுதான் மாறா விகித விதி.

இதை நிலைநாட்டியவர் ஜோசப் புரூஸ்ட். பிரான்சில் மருந்து தயாரிப்பாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, ஸ்பெயினில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் பச்சை நிறத் தாமிரக் கார்பனேட்டையும், தாம் குடுவையில் தயாரித்ததையும் பகுத்துப் பார்த்தார். இரண்டிலும் தாமிரமும் கார்பனும் ஆக்சிஜனும் ஒரே விகிதத்தில் இருந்தன. இயற்கை பல காலம் எடுத்துச் செய்த பொருளும், மனிதன் ஒரு பொழுதில் செய்த பொருளும் ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டன. 1799ல் அவர் இதை வெளியிட்டார்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கை உலகப் புகழ்பெறச் செய்த ஈயச் சுரங்கங்களில் கிடைத்தது காசிட்டரைட் என்னும் வெள்ளீயத் தாது. அதிலுள்ள மண்ணையும் கல்லையும் நீக்கிச் சுத்தமான தாதுவை எடுத்தால், 100 கிராமில் ஏறக்குறைய 78.8 கிராம் வெள்ளீயம், 21.2 கிராம் ஆக்சிஜன். கடல்களைத் தாண்டி இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத்திலிருந்து எடுத்த காசிட்டரைட்டும் இதே கணக்குத்தான். ஊர் மாறலாம், நிறம் சற்று மாறலாம், விகிதம் மாறாது.

இரு நண்பர்களைப் போல ஒரு சண்டை

புரூஸ்ட் சொன்னதை எல்லோரும் ஏற்கவில்லை. எதிர்த்தவர் சாதாரணமானவரும் அல்லர். குளோட் லூயி பெர்த்தோலே அன்றைய பிரான்சின் மிக மதிப்புமிக்க வேதியியலாளர்களில் ஒருவர். நெப்போலியனுடன் 1798ல் எகிப்துக்குப் போனவர்.

எகிப்தின் உப்பு ஏரிகளின் கரையில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். ஆய்வுக்கூடத்தில் ஒரு திசையில் நடக்கும் வினை, அங்கே தலைகீழாக நடந்து சோடா உப்பு படிந்து கிடந்தது. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் அங்கே ஏராளமாக இருந்ததே அதற்குக் காரணம் என்று அவர் சரியாகவே ஊகித்தார். வினை எந்தத் திசையில் போகும் என்பதைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என்ற அந்த எண்ணம், நீங்கள் பின்னர் படிக்கப்போகும் வேதிச் சமநிலைப் பாடத்தின் விதை.

ஆனால் அவர் ஒரு படி கூடுதலாகப் போய்விட்டார். அளவு வினையின் திசையை மாற்றும் என்றால், விளையும் பொருளின் விகிதத்தையும் மாற்றத்தானே வேண்டும் என்று வாதிட்டார். உலோகக் கலவைகளையும் கண்ணாடியையும் சான்றாகக் காட்டினார். சூடேற்றும்போது படிப்படியாக ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும் உலோகங்களையும் காட்டினார். இவற்றில் விகிதம் நிலையாக இல்லையே என்று கேட்டார்.

புரூஸ்டின் பதில் நிதானமானது: நீங்கள் காட்டுவது ஒரு சேர்மம் அல்ல, கலவை. வெள்ளீயத்துக்கு இரண்டு ஆக்சைடுகள் உண்டு. ஒவ்வொன்றின் விகிதமும் நிலையானது. இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்து கிடப்பதால் இடைப்பட்ட எண்கள் வருகின்றன.

இந்த வாதம் சுமார் எட்டு ஆண்டுகள் ஆய்விதழ்களில் நடந்தது. ஒருவர் மற்றவரை இழித்துப் பேசவில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் புதிய சோதனைதான். இன்றைய சமூக ஊடகச் சண்டைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்! அதன் பலன் மிகப் பெரியது. ‘சேர்மம்’, ‘கலவை’ என்று இன்று நாம் எளிதாகப் பிரித்துச் சொல்லும் இரண்டு சொற்களுக்கும் தெளிவான பொருள் அந்த வாதத்தில்தான் கிடைத்தது.

கண்ணெதிரே மறைந்திருந்த ‘இரண்டு’

ஓர் உலோகத்துக்கு இரண்டு ஆக்சைடுகள் உண்டு என்றால், அந்த இரண்டுக்கும் இடையில் ஏதாவது உறவு இருக்குமா? நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள்.

தாமிரத்துக்குக் கறுப்பு ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு என இரண்டு உண்டு. இன்றைய அளவீட்டின்படி, 100 கிராம் கறுப்பு ஆக்சைடில் 79.9 கிராம் தாமிரமும் 20.1 கிராம் ஆக்சிஜனும் இருக்கும். 100 கிராம் சிவப்பு ஆக்சைடில் 88.8 கிராம் தாமிரமும் 11.2 கிராம் ஆக்சிஜனும் இருக்கும். 20.1, 11.2 என்ற எண்களைப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

இப்போது கேள்வியை மாற்றுங்கள். ஒரு கிராம் தாமிரத்துடன் எவ்வளவு ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது? கறுப்பில் 20.1ஐ 79.9ஆல் வகுத்தால் 0.252 கிராம். சிவப்பில் 11.2ஐ 88.8ஆல் வகுத்தால் 0.126 கிராம். சரியாக இரண்டு மடங்கு!

நூற்றுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இந்த ‘இரண்டு’ கண்ணில் படாது. ஒரு தனிமத்தின் அளவை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிட்டால்தான் வெளிவரும். அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர் இங்கிலாந்தின் ஜான் டால்டன். நெசவாளர் ஒருவரின் மகன்; 12 வயதிலேயே பள்ளிக்கூடம் நடத்திப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கார்பனின் இரண்டு ஆக்சைடுகளிலும், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இரண்டு வாயுக்களிலும் இதே முழு எண் உறவைக் கண்டார். இதுவே மடங்கு விகித விதி.

அரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு என்று வராமல் இரண்டு, மூன்று என்று முழு எண்ணாக வருவது ஏன்? பொருள்கள் எண்ணக்கூடிய துகள்களால் ஆனவை என்றால் மட்டுமே இது பொருந்தும். ஒரு தாமிர அணுவுடன் ஓர் ஆக்சிஜன் அணு சேரலாம். இரண்டு தாமிர அணுவுடன் ஒன்று சேரலாம். ஒன்றரை அணு என்பது கிடையாது. யாரும் பார்த்திராத அணுவை, தராசு காட்டிய எண்களைக் கொண்டே டால்டன் ‘பார்த்தார்’. 1808ல் வெளிவந்த அவருடைய நூல் நவீன அணுக்கொள்கையின் தொடக்கம்.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். மீத்தேனில் 3 கிராம் கார்பனுடன் 1 கிராம் ஹைட்ரஜன் சேர்கிறது. கார்பன் டை ஆக்சைடில் அதே 3 கிராம் கார்பனுடன் 8 கிராம் ஆக்சிஜன் சேர்கிறது. அப்படியானால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தமக்குள் சேரும்போது? 1க்கு 8. அதுதான் தண்ணீர்! எல்லாச் சேர்மங்களிலும் இவ்வளவு நேராக வராது. சிலவற்றில் எளிய முழு எண் மடங்காக வரும். இது தலைகீழ் விகித விதி. ஜெர்மனியின் ரிக்டர் 1790களில் அமிலங்களையும் காரங்களையும் ஆராய்ந்தபோது இதற்கு வழி திறந்தது.

விதி கண்டவரே மறுத்த விதி

டால்டனின் கதை இங்கே ஒரு திருப்பம் காண்கிறது.

பெர்த்தோலேயின் மாணவர் ஜோசப் கே-லுசாக், வாயுக்களை எடைபோடாமல் பருமனை அளந்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்சிஜன் வாயுவும் சேர்ந்தால், அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், இரண்டு பங்கு நீராவி. 2, 1, 2 என மீண்டும் முழு எண்கள். வேறு பல வாயுக்களிலும் இதே ஒழுங்கைக் கண்டு, 1808ன் இறுதியில் தமது பருமன் இணைப்பு விதியை அறிவித்தார். மாறா விகிதத்தை எதிர்த்தவரின் மாணவரே முழு எண்களுக்கு இப்படி ஒரு சான்றைக் கொண்டுவந்தார்!

மகிழ்ந்திருக்க வேண்டிய டால்டன் மறுத்தார். ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு பங்கு நீராவிக்குள் போக வேண்டுமானால் அது பாதியாக உடைய வேண்டுமே. அணுவைப் பிளக்க முடியாதே! ஆகவே கே-லுசாக்கின் அளவீடு துல்லியமாக இல்லை என்று முடிவு செய்தார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்கின்றன என்றே அவர் நம்பினார். அவருடைய நூலில் ஹைட்ரஜனை 1 என்று கொண்டால் ஆக்சிஜனின் எடை 7. விகிதமும் தவறு, வாய்பாடும் தவறு.

இத்தாலியின் அமேதியோ அவகாட்ரோ 1811ல் சிக்கலை அவிழ்த்தார். ஆக்சிஜன் வாயுவின் துகள் ஒற்றை அணு அல்ல. இரண்டு அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு. அது இரண்டாகப் பிரியலாம். அணு உடைய வேண்டியதில்லை. சம வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்றும் சொன்னார். டால்டனும் கே-லுசாக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடிந்தது.

ஆனால் ஏறக்குறைய 50 ஆண்டுகள் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1860ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, கனிசாரோ என்ற மற்றோர் இத்தாலியர் அதை எடுத்து விளக்கிய பிறகுதான் அணு எடைகளில் இருந்த குழப்பம் தெளியத் தொடங்கியது. அவகாட்ரோ அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். இன்று ‘மோல்’ கணக்கு போடும் ஒவ்வொரு மாணவரும் அவர் பெயரைச் சொல்கிறார்.

தோற்றவரும் முழுக்கத் தோற்கவில்லை

பெர்த்தோலேயின் வாதம் அத்தோடு முடிந்துபோனதா? இல்லை. 20ஆம் நூற்றாண்டில், திடநிலைச் சேர்மங்கள் சிலவற்றில் விகிதம் உண்மையிலேயே சற்று மாறுபடுவது தெரியவந்தது. இரும்பின் ஆக்சைடுகளில் ஒன்றான உஸ்டைட்டில், 100 ஆக்சிஜன் அணுக்களுக்கு 100 இரும்பு அணுக்கள் இருப்பதில்லை. சுமார் 95 மட்டுமே. படிகத்தில் சில இடங்கள் காலியாக இருப்பதே காரணம். ரஷ்ய அறிஞர் குர்னாகோவ் இத்தகைய சேர்மங்களுக்குப் பெர்த்தோலேயின் பெயரையே சூட்டினார்.

பொருண்மை அழியா விதிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐன்ஸ்டைனின் கணக்குப்படி வெப்பம் வெளியேறினால் நிறையும் குறைய வேண்டும். 12 கிராம் கார்பன் எரியும்போது குறைவது ஒரு கிராமில் நூறு கோடியில் சுமார் நான்கு பங்கு. பள்ளித் தராசு அதை உணரவே உணராது. எனவே உங்கள் 0.12 கிராமுக்கு ஐன்ஸ்டைனைக் காரணம் காட்ட முடியாது!

1.88 கிராமுக்குத் திரும்புவோம்

அப்படியானால் அந்த 0.12 கிராம் எங்கே போனது? லவாய்சியரைப் போல வரவு செலவு பார்ப்போம். சந்தேகத்துக்குரியவை மூன்று.

முதலாவது, மெக்னீசியம் முழுவதும் எரியாமல் இருக்கலாம். மீண்டும் சூடேற்றி, ஆறவைத்து, எடைபோடுங்கள். எடை கூடினால் இதுதான் காரணம். இரண்டு முறை தொடர்ந்து ஒரே எடை வரும்வரை இதைச் செய்யச் சொல்வது வெறும் சடங்கு அல்ல.

இரண்டாவது, மெக்னீசியம் காற்றிலுள்ள நைட்ரஜனுடனும் சேர்ந்திருக்கலாம். நைட்ரைடாக மாறினால் எடை குறைவாகத்தான் கூடும். ஆறிய தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அம்மோனியாவின் நெடி லேசாக எழும். அதன்பின் மிதமாக உலர்த்தி, மறுபடி நன்றாகச் சூடேற்றினால் அது ஆக்சைடாகிவிடும். இதை ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள்.

இவை இரண்டுமே இல்லையென்றால், மூடியைத் தூக்கியபோது வெள்ளைப் புகையாகப் போனதுதான் மிச்சம்.

1.88 என்று எழுதினால் இந்த மூன்று கேள்விகளும் பிறக்கின்றன. 2.00 என்று எழுதினால் ஒன்றுமே பிறப்பதில்லை. விதி என்பது எண்ணைத் திருத்துவதற்கான அனுமதி அல்ல. எங்கே பிழை நடந்தது என்று தேடச் சொல்லும் வழிகாட்டி. அரிதாக, உஸ்டைட்டைப் போல, பிழையே இல்லாமல் புதிய உண்மை ஒன்று அங்கே காத்திருக்கவும் கூடும். தம் கொள்கைக்குப் பொருந்தாத எண்ணை டால்டன் போன்ற மேதை ஒதுக்கியபோதே, உண்மை எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது!

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் தராசு எதிர்பாராத எண்ணைக் காட்டினால், முதலில் அதை அப்படியே எழுதுங்கள். காரணத்தை அதற்குக் கீழே எழுதலாம்.

நினைவில் வைக்க

பொருண்மை அழியா விதி: வேதிவினையில் மொத்த நிறை மாறுவதில்லை.

மாறா விகித விதி: ஒரு சேர்மம் எங்கிருந்து வந்தாலும் அதிலுள்ள தனிமங்களின் நிறை விகிதம் ஒன்றே.

மடங்கு விகித விதி: இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தந்தால், ஒன்றின் நிலையான நிறையுடன் சேரும் மற்றதன் நிறைகள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கும்.

தலைகீழ் விகித விதி: மூன்றாவது தனிமம் ஒன்றின் நிலையான நிறையுடன் இரண்டு தனிமங்கள் தனித்தனியே சேரும் விகிதமே, அல்லது அதன் எளிய மடங்கே, அவ்விரண்டும் தமக்குள் சேரும் விகிதம்.

பருமன் இணைப்பு விதி: வினைபுரியும் வாயுக்களின் பருமன்களும், விளையும் வாயுக்களின் பருமன்களும், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கும்.